உங்கள் படத்துக்குக் கீழே என் வாக்கியம்

கேப்டன்,

இன்று காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு உங்கள் பஸ் என் முனையில் வந்து நின்றது. கதவு திறந்ததும் அந்த வாசனை படியிறங்கி வந்தது. நனைந்த கையுறைகள், டீசல், ஹீட்டரில் வறுபட்ட தூசி, எவனோ சீட்டில் கொட்டிய ஆரஞ்சு ஜூஸ். என் மூக்கு மூளையைக் கலந்தாலோசிக்கவில்லை. ஸ்டாப் பலகையை இடது கைக்கு மாற்றி, குதிகாலைச் சேர்த்து, ஒரு சல்யூட் அடித்துவிட்டேன். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த புது டிரைவர், தனக்குப் பின்னால் போலீஸ் கார் ஏதாவது வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். அப்புறம் பாவம், அவரும் அரைகுறையாகக் கையைத் தூக்கினார்.

நீங்கள் இருந்திருந்தால் ஜன்னலை இறக்கி, "மேயர், பரேட் முடிஞ்சுதா? புள்ளைங்க குளிர்ல நிக்குதுங்க" என்றிருப்பீர்கள்.

உங்கள் ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுவதற்கு மன்னியுங்கள். "ஏதாவது நெசமா சொல்லணும்னா உங்க பாஷையில எழுதிப் பாருங்க, இங்கிலீஷ்ல நீங்க ரொம்ப மினுக்குறீங்க" என்று ஒருமுறை நீங்கள்தான் சொன்னீர்கள். தமிழில் நான் இதைவிடப் பத்து மடங்கு மினுக்குவேன் என்பது உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு கடிதத்தில் முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

முப்பது வருடம் ஒரு மருந்துக் கம்பெனியின் டேட்டாபேஸைக் காவல் காத்தவன் நான். ரிட்டயர் ஆன மூன்றாவது வாரமே வீட்டுச் சுவர்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட ஆரம்பித்தன. டவுனில் கிராசிங் கார்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்ளை பண்ணினேன். பள்ளிக்கூட முனையில் நின்று பிள்ளைகளை ரோட்டைக் கடத்திவிடுகிற வேலை. என் மனைவிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, பிஎச்டி வாங்கின மனுசன் ரோட்டுல தட்டியத் தூக்கிட்டு நிக்கோணுமா? கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"போக்குவரத்துத் துறை அமைச்சர்னு சொல்லு."

அதை நானே நம்பித்தான் முதல் நாள் முனைக்கு வந்தேன். தூரத்தில் மஞ்சள் பஸ் தெரிந்ததும் நடுரோட்டுக்குப் போய், காலை அகட்டி நின்று, கடலைத் தடுத்து நிறுத்துகிறவன் மாதிரி பலகையை உயர்த்தினேன். கடப்பதற்கு ஒரு குழந்தைகூட இல்லை. நீங்கள் ஜன்னலை இறக்கினீர்கள். நரைத்த ஒற்றைப் பின்னல், மூக்கு நுனியில் கண்ணாடி, என் வயசு இருக்கும்.

"யாரு நீங்க, புது மேயரா?"

"பாதுகாப்பு அதிகாரி, மேடம்."

"நல்லது மேயர். நான் இந்தக் கப்பலோட கேப்டன். வழிய விடுங்க, நாப்பது புள்ளைங்களுக்கு பெல் அடிக்கப் போவுது."

அதன் பிறகு நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

முதல் டிரிப்புக்கும் இரண்டாவது டிரிப்புக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். பஸ்ஸை ஓரம் கட்டுவீர்கள். நான் படியில் நின்றுகொண்டு பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றித் தருவேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே இருப்பவரின் சொந்த ஊரைத் தெரிந்துகொள்ளாவிட்டால் காபி செரிக்காது.

"கேப்டன், உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"இதுதான்."

"இல்ல, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் இதுதான்."

"அப்பா, தாத்தா எல்லாம் எங்கேர்ந்து வந்தாங்க?"

நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "எவ்வளவு தூரம் வேணும்னாலும் பின்னாடி போங்க மேயர். நான் இங்கயே வெயிட் பண்றேன்" என்றீர்கள்.

அப்படித்தான் நீங்கள் லெனாப்பே என்ற பழங்குடி என்று தெரிந்துகொண்டேன். நியூ ஜெர்சி என்ற பெயர் இந்த நிலத்துக்கு வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாலிருந்து இங்கே இருக்கிறவர்கள். முப்பது வருடம் இங்கே வரி கட்டியும் ஒரு லெனாப்பேயைக்கூடச் சந்தித்ததில்லை என்றேன். "சந்திச்சிருப்பீங்க. கேட்டிருக்க மாட்டீங்க." நீங்களும் இந்தியன், நானும் இந்தியன் என்று ஒரு ஜோக்குக்காக வாயைத் திறந்தேன். போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையைக் காட்டினீர்கள். "அது வேணாம். கிண்டர்கார்ட்டன்லேர்ந்து கேட்டுட்டு இருக்கேன்."

டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைக்கும் சன் வைசரில் ரப்பர் பேண்டு போட்டு நாலு தாள் செருகி வைத்திருப்பீர்கள். அதை எனக்குக் காட்டவே ஒரு வருடம் ஆயிற்று. உங்கள் தங்கை மகள் டெனிஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோது, நவம்பர் மாதம், இந்தியன் வேஷம் என்று டீச்சர் மாட்டிவிட்ட, காகித இறகு ஒட்டிய கிரீடத்தோடு பள்ளியிலிருந்து வந்தாளாம். அவள் வளர்ந்து, கல்யாணமாகி, அவள் மகள் ரூத் அதே பள்ளியில் சேர்ந்து, அதே நவம்பரில், அதே காகிதக் கிரீடத்தோடு வந்து நின்றாளாம். அன்றைக்கு நீங்கள் இந்த டவுனில் இருக்கும் ஏழு லெனாப்பே குடும்பங்களையும் உங்கள் சமையலறை மேசைக்குக் கூப்பிட்டீர்கள். பள்ளிகள் உங்கள் பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும், உங்களைப் பற்றி எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று எல்லோரும் பேசிப் பேசி எழுதியதுதான் அந்த நாலு தாள்.

எங்களைப் பற்றிப் பாடம் நடத்துவதற்கு முன் எங்களில் ஒரு குடும்பத்தைக் கேளுங்கள். முதல் வரியே அதுதான். ஒரு குழந்தையை எழுப்பி நிறுத்தி முழு இனத்துக்கும் பதில் சொல்லச் சொல்லாதீர்கள். பின்னலைப் பிடித்து இழுத்தவனை, விளையாட்டுக்குச் செய்தான் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் சடங்கு நாளில் வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடாதீர்கள். எல்லாம் இப்படிச் சின்னச் சின்ன வாக்கியம். பள்ளி போர்டு வருடா வருடம் அதை வாங்கி, நன்றி சொல்லி, டிராயரில் போட்டுக்கொண்டிருந்தது.

படித்துவிட்டு நான் சொன்னேன்: "கேப்டன், இதுல பஞ்ச் இல்லையே. முதல் வரியிலயே ஒரு இடி இடிக்கணும். கேக்கறவன் நாற்காலியிலேர்ந்து விழணும்."

"இடி வேணாம் மேயர். கேட்டாப் போதும்."

அந்தப் பேச்சை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பொங்கல் விழாவுக்கு உங்கள் பள்ளியின் கேஃபடீரியாவைத்தான் வாடகைக்கு எடுக்கும். சிறப்பு விருந்தினர் ஒருவர், அவருக்கு ஒரு பொன்னாடை, அவரைப் பற்றி ஓர் அறிமுக உரை, இந்த மூன்றும் இல்லாமல் எங்களுக்குப் பொங்கல் பொங்காது. அறிமுக உரைக்கு நிரந்தர ஆள் நான். முந்தின வருடம் ஒரு பல் டாக்டரை "முப்பத்திரண்டு நாட்டுக்கும் முடிசூடா மன்னர்" என்றேன். அதற்கு முன் ஒரு டாக்ஸ் ஆடிட்டரை வைத்து நான் செய்த அட்டகாசத்தில் அவர் மனைவியே எழுந்து நின்று கைதட்டினார். அந்த வருடம் உங்களைக் கூப்பிடலாம் என்று சொன்னது நான்தான். அதில் எனக்கு அன்பு இருந்தது, கேப்டன். அன்பு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

"அங்கிள், ரெண்டு நிமிஷம்தான், ப்ளீஸ்" என்று செயலாளர் கெஞ்சினார். பதினொரு நிமிடம் பேசினேன். முதலில் தமிழில், பிறகு முன்வரிசையில் இருந்த பிரின்சிபலுக்காக ஆங்கிலத்தில். கைதட்டல் ஏற ஏற, வாய் எனக்கு முன்னால் ஓடியது. "இந்த மண்ணின் கடைசிக் குரல்! லெனாப்பே குலத்தின் கடைசிச் சுடர்! இதோ நம் மேடையில்!" என்று முடித்தேன். கூரை பறந்தது. பிரின்சிபல் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னாடையோடு நீங்கள் மைக்குக்கு வந்தீர்கள். "நன்றி. மேயர் ஒரு தப்பு பண்ணிட்டார். நான் கடைசி ஆள் இல்ல. எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம்னா பார்க்கிங் கிடைக்காது. இதோ, என் பேத்தி ரூத் ரெண்டாவது வரிசையில உக்காந்து மூணாவது கப் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடறா."

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் வினை. நீங்கள் சொன்னதை ஜோக் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்னதைச் செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பள்ளியின் வலைப்பக்கத்தில் பொன்னாடை போட்ட உங்கள் படம், அதன் கீழே என் வாக்கியம். மூன்றாம் வகுப்பு டீச்சர் அதை வைத்து ஒரு பாடமே தயார் பண்ணிவிட்டார். ரூத்தின் வகுப்பு அது.

புதன்கிழமை காலை நீங்கள் காபி வேண்டாம் என்றீர்கள்.

"நேத்து ரூத்கிட்ட ஒரு பையன், உங்க பாட்டிதான் கடைசின்னா அப்ப நீ லெனாப்பே கிடையாதுன்னிருக்கான். டீச்சரும் சரியா பதில் சொல்லல. பஸ்ல என் பின்னாடி சீட்டுல உக்காந்து கேக்கறா, அப்ப நான் யாருன்னு."

நான் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினேன்.

"பிரின்சிபல்கிட்ட நான் சொல்லிட்டேன். நான் தன்னடக்கமா பேசறேன்னு நினைக்கிறாங்க. நீங்க போய், கைதட்டலுக்காக ஜோடிச்சுச் சொன்னேன், அது பொய்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும்."

போனேன், கேப்டன். அன்று மதியமே போனேன். பிரின்சிபல் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடத்தில் இந்தக் கட்டடத்தில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டதில்லை என்றார். அடுத்த வருடப் பட்டமளிப்புக்கு நான் வந்து பேசுவேனா என்று கேட்டார். நான் வெண்ணெய் மாதிரி உருகி, நாற்காலியில் வழிந்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சொல்ல வந்தது வாயிலேயே இருந்தது.

மறுநாள் நீங்கள் கேட்டீர்கள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன், கேப்டன்."

பிளாஸ்க்கைத் திறந்தேன். நீங்கள் கோப்பையை நீட்டினீர்கள்.

அதற்கப்புறம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கலாம். ஸ்நோ முடிந்து, செர்ரி பூத்து, லீவு விட்டு, மறுபடி பள்ளி திறந்தது. அந்த வலைப்பக்கம் அப்படியே இருந்தது. நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நான் முடிவு பண்ணிக்கொண்டேன்.

அக்டோபரில் உங்களுக்கு இருமல் வந்தது. நவம்பரில் நுரையீரல் என்றார்கள். டிசம்பரில் வேறு யாரோ பஸ்ஸை ஓட்டி வந்தார்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தீர்கள். டெனிஸ் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த முறை போர்டு அந்த நாலு தாளை ஓட்டெடுப்புக்கு வைக்கப்போகிறது, மார்ச் மாதம் என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பற்றி நான் ஜோடிக்காமல் எழுத முடியாது. விட்டுவிடுகிறேன்.

"பொதுமக்கள் பேச மூணு நிமிஷம் தருவாங்க. நீங்க வந்து பேசணும் மேயர். ஜோடனை இல்லாம."

"உத்தரவு, கேப்டன்."

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றீர்கள்.

உள்ளே டெனிஸ் தண்ணீரை நிறுத்திய மாதிரி இருந்தது. நான், "உங்க இடத்துக்கு வந்திருக்கிற டிரைவர் திருப்பத்துல பஸ்ஸை வளைக்கறதுக்குள்ள ஒரு தலைமுறை பட்டம் வாங்கிடுது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பிப்ரவரியில் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்தேன். அங்கே நிஜமாகவே பார்க்கிங் கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

அடுத்த வாரம் கையுறை மாற்றப் பள்ளிக்குள் போனேன். ஆபீஸுக்கு எதிரே, சுவரில், கறுப்பு பார்டர் போட்டு உங்கள் படம். தோளில் எங்கள் பொன்னாடை. கீழே பெரிய எழுத்தில், இந்த மண்ணின் கடைசிக் குரல். பிள்ளைகள் வரிசையாக அதைக் கடந்து லஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரூத்தும் போனாள். அவள் படத்தைப் பார்க்கவில்லை. சுவருக்கு எதிர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அப்போதே அதைப் பிய்த்தெறிந்திருக்க வேண்டும். நான் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

போர்டு மீட்டிங் மாலை ஏழு மணிக்கு. கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு குடும்பமும் பின்னால் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தது. உங்கள் தாள் எடுத்துக்கொள்ளப்பட்டதும் ஒரு போர்டு மெம்பர் மைக்கை இழுத்தார். நல்ல மனுஷி, குரலில் கிண்டல் இல்லை. "அவர்தான் இங்கே கடைசி ஆள் என்று நம் பள்ளிப் பக்கத்திலேயே படித்தேன். இந்தத் தாளோ எதற்கும் எங்களைக் கேளுங்கள் என்கிறது. அவரே போன பிறகு யாரைக் கேட்பது? இதை இப்போதைக்கு ஒத்திவைப்பதுதான் மரியாதை என்று தோன்றுகிறது" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது.

பேசுவோர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. எழுதி வைத்திருந்த பேச்சு சட்டைப் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

"நான் ஸ்கூல் முனையில் நிற்கும் கிராசிங் கார்டு. கடைசி என்று சொன்னவன் நான். கைதட்டலுக்காகச் சொன்னேன். அது உண்மை இல்லை. அந்த அம்மா அதே மேடையில் மறுத்தார். இதைத் திருத்தச் சொல்லி என்னைக் கேட்டார். நான் திருத்தவில்லை. திருத்திவிட்டதாக அவரிடமே பொய் சொன்னேன். நீங்கள் கேட்க வேண்டியவர்கள் எனக்குப் பின்னால் இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்."

அவ்வளவுதான். எதிரே டைமரில் இன்னும் இரண்டேகால் நிமிடம் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் நான் மிச்சம் வைத்த பேச்சு அது ஒன்றுதான்.

அடுத்து டெனிஸ் எழுந்தாள். பேச்சு எதுவும் இல்லை. ஏழு குடும்பமும் ஒவ்வொன்றாக எழுந்து நின்று பெயரையும் தெருவையும் சொல்லட்டும் என்றாள். சொன்னார்கள். ஒரு பெரியவர் என் பின்தெரு. ரூத் தன் பெயரைச் சொல்லி, வகுப்பையும் சேர்த்துச் சொன்னாள்.

தாள் நிறைவேறியது. முழுசாக இல்லை. சடங்கு நாள் விடுப்புப் பக்கத்தை மட்டும் வக்கீலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் சுவரில் உங்கள் படம் மட்டும் இருந்தது. கீழே எழுத்து இல்லை.

மீட்டிங் முடிந்த இரவே பார்க்கிங்கில் டெனிஸ் காரைத் திறந்துவிட்டு எனக்காக நின்றாள்.

"நீங்க பேசினது சரி. ஆனா நான் தேங்க்ஸ் சொல்ல மாட்டேன் மேயர்."

"சொல்ல வேண்டாம்மா. அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கணும். நான் பொய் சொன்னது தெரியாமலே..."

"ஆன்ட்டிக்குத் தெரியும்."

காற்று அடித்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"பேஜ் மாறலைன்னு நான்தான் என் போன்ல காட்டினேன். நீங்க சொல்லிட்டேன்னு சொன்ன அதே வாரம். நானே போய் ஒரு சத்தம் போடறேன்னேன். வேணாம், அவரா வந்து சொல்வார், நல்ல ஆளுன்னாங்க. நீங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்களே, அன்னிக்கும் கேட்டேன், சொன்னாரான்னு. இல்ல, ஆனா நல்லா சிரிக்க வச்சார்னாங்க."

கேப்டன், ஒரு வருடம். ஒவ்வொரு காலையும் என் கையால் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, ஒரு வருடம் காத்திருந்தீர்கள். இதைவிடப் பெரிதாக எதையும் என்னால் இட்டுக்கட்ட முடியாது.

உங்கள் கமிட்டிக்கு நான் ஏதாவது செய்யட்டுமா என்று டெனிஸிடம் கேட்டேன். பிரசுரம், வலைப்பக்கம், எது வேண்டுமானாலும்.

"கமிட்டியில உங்களுக்கு இடம் கிடையாது. யாராவது எங்களப் பத்தி உங்ககிட்ட வந்து கேப்பாங்க. கேக்கத்தான் செய்வாங்க, நீங்க ஆன்ட்டியோட ஃப்ரெண்டு. தெரியாதுன்னு சொல்லுங்க. என் நம்பரக் குடுங்க. அதான் உங்க வேலை."

தெரியாது என்ற சொல்லை நான் அறுபத்தெட்டு வருடத்தில் உபயோகித்ததாக நினைவில்லை. என் மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள்கூடச் சிரிக்கவில்லை. "பாத்து பண்ணுங்க" என்றாள்.

போன வாரம், மூன்றாம் வகுப்பு டீச்சர் முனையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். நம் ஊர் ஆற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறாராம். உங்கள் மொழியில் அந்த ஆற்றுக்கு என்ன பெயர், நீங்கள் என்னிடம் சொல்லியிருப்பீர்களே என்றார்.

சொல்லியிருக்கிறீர்கள். இருமல் வருவதற்கு முன்னால் ஒரு காலை, பஸ் படியில் வைத்து. நான் முதல் தடவை சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டீர்கள். நாலாவது தடவைதான் சரி என்றீர்கள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். டெனிஸின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

பெயர் நாக்கு நுனியில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் கடந்து போகும் வரை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முனை காலியான பிறகு நடைபாதைக்கு வந்து, யாருக்கும் கேட்காமல் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே, நடுவில் மூச்சை விட்டு.